செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலிதான் குறைந்தபாடில்லை.

போன மாதம் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். பட்டா பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்து 14 மாதமாகிவிட்டது. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஊரில் யாருக்கும் அடங்காமல் பேசுகிற மனுஷன், உனக்குத்தான் தெரியுமே! நாற்காலி காலியாக இருந்தும் கடைசிவரை உட்காரவில்லை. "அடுத்த வாரம் வாங்க" என்றதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அன்று ராத்திரியே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். அவர் மனு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, இப்போது எங்கே கிடக்கிறது, அவ்வளவுதான் கேள்வி. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் அனுப்பினேன். பெரியப்பா பதறிப்போனார். "ஆபீசரைப் பகைச்சுக்கிட்டு ஊர்ல இருக்க முடியுமாப்பா?"

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கிராமத்தில் வரியும் நிலக்கணக்கும் பார்த்த பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை 1980இல்தான் ஒழித்தார்கள். பெரியப்பாவின் வாலிபத்தில் நிலக்கணக்கெல்லாம் அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தது. அங்கே நின்று பழகிய உடம்பு அது. ஆனால் நம் வயதுக்காரர்களும் அதே மாதிரி நிற்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரசாங்கச் செலவுக் கணக்கைக் காட்டு என்று 1996இல் ராஜஸ்தானின் பியாவரில் ஏழை ஜனங்கள் 40 நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட போராட்டங்களால் 2005இல் கிடைத்ததுதான் இந்தத் தகவல் உரிமைச் சட்டம். எதற்காகக் கேட்கிறாய் என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று அதன் 6(2) பிரிவு சொல்கிறது. நம்மிடமோ எதற்கெடுத்தாலும் ஆதார் நகல் கேட்கிறார்கள். பெரியப்பா இதுவரை மூன்று முறை கொடுத்துவிட்டார். 2023இல் கொண்டுவந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தகவல் உரிமையின் 8(1)(ஒ) பிரிவிலேயே கைவைத்துவிட்டது. தனிப்பட்ட தகவலானாலும் பொதுநலனுக்காகத் தரலாம் என்று அந்தப் பிரிவில் இருந்த வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். நாம் கேட்கத் தொடங்குவதற்குள் கதவைச் சாத்துகிறார்களே என்று பயமாக இருக்கிறது.

பதில் தர 30 நாள் கெடு. இன்று 22ஆம் நாள். தபால்காரர் மணி அடித்தால் பெரியப்பாதான் முதலில் வாசலுக்குப் போகிறார். அவருக்குத் தனியாக நாலு வரி எழுது. நீ சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
முருகேசன்