செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: குருவிக்குப் பெட்டி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறையூரின் பல தெருக்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். தெருவாரிக் கணக்கு பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.

செயற்குழுவின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் ஆண்டில் சிட்டுக்குருவிகளுக்குப் புதிய கூட்டுப்பெட்டி வாங்குவதைக் குறைத்து, அந்தப் பணத்தைச் செடிக்கும் வேலிக்கும் போடலாம் என்று எண்ணுகிறோம். அவரைப் பந்தல், மருதாணி வேலி, முல்லைக் கொடி உள்ள வீடுகளில் பெட்டிகள் நிரம்புகின்றன. வாசல் முழுக்க சிமெண்ட் பூசி, தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்த வீடுகளில் அதே தச்சர் செய்த அதே பெட்டி காலியாகத் தொங்குகிறது. குறை பெட்டியில் இல்லை.

காரணம் குஞ்சுகளின் வயிறு. பெரிய குருவி தானியம் தின்று பிழைத்துக்கொள்ளும். பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாள்களில் புழு, அசுவினி, சிறு வெட்டுக்கிளி, சிலந்தி என்று உயிர்த்தீனிதான் வேண்டும். தாயும் தந்தையும் அதைக் கூட்டுக்கு அருகிலேயே பொறுக்கினால்தான் நாள் முழுக்க ஊட்ட முடியும். ஆடியில் விதைத்த அவரை தையில் பூக்கும்போது காம்பு நுனிகளில் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும். நாம் அருவருத்து மருந்தைத் தேடுவோம். பெட்டைக் குருவியோ அந்தக் காம்பில் தலைகீழாகத் தொங்கி, ஒவ்வொன்றாகக் கொத்தி, அலகு நிறைந்ததும் பறந்துபோகிறது. எனவே வீட்டுக்கு ஓர் அவரைக் கொடியையாவது மருந்தடிக்காமல் விடுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

மருதாணியை மட்டமாக வெட்டி அழகு பார்ப்பதையும் குறைக்கலாம். மாலையில் கூட்டமாக வந்து அடைய அடர்ந்த புதர் வேண்டும். வல்லூறு வந்தால் ஒளியவும் அதுதான் இடம்.

இனி பெட்டி. புதிதாகச் செய்பவர்களுக்காக அளவைப் பதிகிறேன். உள்பக்க அடித்தளம் 15 செ.மீ.க்கு 15 செ.மீ., உயரம் 25 செ.மீ. வாசல் 32 மி.மீ. விட்டம்; தச்சரிடம் ஒன்றேகால் அங்குலம் என்றால் புரியும். வாசல் அடித்தளத்திலிருந்து குறைந்தது 12.5 செ.மீ. மேலே இருக்கட்டும், இல்லையென்றால் பூனை கைவிட்டு எடுத்துவிடும். பலகை அரை அங்குலத்துக்கு மேல் தடிமனாக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது. அடியில் நான்கு சிறு துளைகள் போதும், நீர் வடிந்துவிடும். ஒரு பக்கப் பலகையைத் திருகாணியால் மாட்டினால் சுத்தம் செய்யத் திறக்கலாம். உள்ளே பெயிண்ட், வார்னிஷ் எதுவும் கூடாது.

கடைகளில் விற்கும் பெட்டிகளில் அடிக்கடி காணும் கோளாறு மூன்று. வாசல் இரண்டு அங்குலம் இருந்தால் மைனா புகுந்து குடியேறும். வாசலுக்குக் கீழே அழகுக்காக ஒரு குச்சி இருக்கும். குருவிக்கு அது தேவையே இல்லை, காக்கை உட்கார்ந்து எட்டிப் பார்க்கத்தான் உதவும், பிடுங்கிவிடுங்கள். மூன்றாவது, தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்தவை. திருச்சி சித்திரை வெயிலில் அவை அடுப்பாகிவிடும். அட்டைப்பெட்டி ஐப்பசி மழையோடு சரி. அணில் வாசலைக் கடித்துப் பெரிதாக்கினால் ஓட்டை போட்ட தகரத் துண்டை வாசலைச் சுற்றி அறையலாம். தகரத்தின் விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிட வேண்டும்.

மாட்டும் இடம் எட்டு முதல் பத்தடி உயரத்தில், வடக்கு அல்லது கிழக்கு பார்த்து. கிழக்கு பார்த்தால் வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிக்கும், ஆகவே சன்ஷேடுக்கு அடியிலோ திண்ணைக் கூரைக்குள்ளோ இருக்க வேண்டும். கம்பியில் தொங்கவிடாதீர்கள். ஆடிக் காற்றில் பெட்டி ஊஞ்சலாடினால் முட்டைகள் ஒன்றோடொன்று மோதி உடையும். இரண்டு திருகாணி போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள். ஏசி வெளிப்பெட்டிக்கு மேலும், பூனை ஏறும் கிரில்லுக்குப் பக்கத்திலும் வேண்டாம். குருவி கூட்டமாக வாழ்வது. இரண்டு மூன்று பெட்டிகளை ஓரடி இடைவெளியில் மாட்டலாம். காலியாக இருக்கிறதே என்று மாதாமாதம் இடம் மாற்றினால் என்றைக்கும் காலியாகவே இருக்கும். உள்ளே வைக்கோலும் தானியமும் வைக்கத் தேவையில்லை, தானியம் எறும்பையும் எலியையும்தான் அழைத்துவரும்.

ஒரு ஈட்டில் மூன்று முதல் ஐந்து முட்டைகள். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும், மேலும் இரண்டு வாரத்தில் பறக்கும். அதே ஜோடி ஆண்டில் பலமுறை முட்டையிடும் என்பதால் காலண்டரைப் பார்த்துப் பெட்டியைத் திறக்கக் கூடாது. குஞ்சுகள் பறந்தபின், புதிய முட்டை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மூக்கை மூடிக் கையுறை போட்டுப் பழைய கூட்டை எடுங்கள். பெட்டியில் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்தால் செள்ளுப்பூச்சி போய்விடும். பூச்சிமருந்துப் பொடி கூடாது. எடுத்த கூட்டில் நைலான் நூல், முகக்கவச ரப்பர், தலைமுடிச் சிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சின் கால் அதில் சுற்றி இறுகினால் பறக்கும் நாளில் கூட்டிலேயே தொங்கிச் சாகும். மொட்டைமாடிக் குப்பையில் நூல் போடாதிருப்பதே மருந்து.

கீழே விழுந்த குஞ்சு பற்றி நிறையக் கேள்விகள் வந்தன. இறகு முளைத்துத் தத்தும் குஞ்சைப் பக்கத்துப் புதரில் விட்டால் போதும், தாய் வந்து ஊட்டும். இறகில்லாத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய். பால் கொடுக்காதீர்கள், சொட்டுக்குழாயில் தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

தீனிக்குக் கம்பு, தினை, நொய் போதும். மிக்சரும் ரொட்டியும் வேண்டாம். மாலைக்குள் மிச்சத்தைக் கூட்டி எடுக்காவிட்டால் எலி வரும், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். தீனித் தட்டு பெட்டியிலிருந்து தள்ளியே இருக்கட்டும். வாசலில் நெற்கதிர்க் கொத்து கட்டும் பழக்கம் உள்ள வீடுகள் அதை விடாதிருப்பது நல்லது. தண்ணீருக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண்தட்டு. தினமும் தேய்த்துக் கழுவி ஊற்றினால் கொசுப்புழு வளர நாளே கிடைக்காது.

நம் குருவிக் கணக்கெடுப்பு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு சேர்ந்தே நடந்தது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணி, பட்டியலை இபேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஒரே குருவி நான்குமுறை வந்தால் நான்கு அல்ல. ஒரே சமயத்தில் கண்ட அதிக எண்ணிக்கையை எழுதுங்கள். தொண்டையில் கறுப்பு இருப்பது சேவல். பெட்டையும் இளங்குருவியும் ஏறத்தாழ ஒரேபோல் பழுப்பாக இருப்பதால் அவற்றைச் சேர்த்தே எழுதலாம். குஞ்சுகள் பறந்து வரும் மாதத்தில் எண்ணிக்கை கூடித்தான் தெரியும். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

கைபேசிக் கோபுரம் பற்றி இந்த ஆண்டும் கேட்டார்கள். கோபுரம்தான் குருவியை அழித்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020 அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் குருவி எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருப்பதாகவும், சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் சொன்னது. கோபுரத்தைத் திட்டுவது எளிது, மருந்துக் குப்பியைக் கீழே வைப்பதுதான் கடினம்.

மளிகைக் கடைக்காரர்கள் சிலர் ஷட்டர் உருளைக்குள் கூடு இருக்கும் நாள்களில் அந்த ஷட்டரை அசைக்காமல் பக்கத்துக் கதவைப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

அவையின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள்: கையிருப்பில் உள்ள பெட்டிகள் தீரும்வரை புதியவை வாங்குவதில்லை. ஆடிக்கு முன் உறுப்பினர் வீடுகளுக்கு அவரை விதையும் மருதாணிப் பதியனும் வழங்குவது. மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளில் பெட்டி வழங்கும் விழாவுக்குப் பதிலாக, ஏற்கெனவே மாட்டிய பெட்டிகளின் திருகாணி, வாசல், அடித்துளை மூன்றையும் தெருவாரியாகச் சரிபார்ப்பது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்