அப்பாவுக்கு, கொட்டகையிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் கடகடவென்று கேட்ட சத்தம் என்ன என்று கேட்டீர்கள். "அடுப்பில் வேலை, அப்புறம் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். போனில் சொன்னால் அம்மா நடுவில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று ஆரம்பிக்க, பேச்சு பாதியில் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

காப்பிக்கொட்டை வறுக்கிறேன் அப்பா. கேஸில் ஓடும் சின்ன மெஷினில்.

இங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை. முதல் வருடம் கையால் ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. பச்சைக் கொட்டை வாங்கி வாணலியில் வறுத்துப் பார்த்தேன். புகைமணி அலறி, மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா போர்வையோடு இறங்கி ஓடிவந்தார். திட்டவில்லை. "இதெல்லாம் பின்பக்கக் கொட்டகையில் செய்" என்றார். கதவைத் திறந்துவைத்துத்தான் செய்கிறேன். புகை மட்டுமில்லை, பர்னரும் வறுபடும் கொட்டையும் கார்பன் மோனாக்சைடு வேறு விடும். அதற்கு வாசனையே கிடையாது.

மெஷின் பழையது, ஒருவர் வீடு மாறும்போது விற்றது. நீங்கள் பார்த்தால் அரை மணியில் கழற்றிப் பூட்டிவிடுவீர்கள். படுக்கவைத்த எஃகு உருளை, உள்ளே கொட்டையைப் புரட்ட நாலு தகடு, ஒரு முனையில் மோட்டார், கீழே நீளவாக்கில் பர்னர். வெப்பத்தைக் காட்ட ஒரு முள், நடுவில் கொட்டையை எடுத்துப் பார்க்க ஒரு கரண்டி. அவ்வளவுதான்.

முதலில் என்னைப் படுத்தியது கேஸ். கைக்கு அடக்கமான சின்ன பியூட்டேன் டப்பாவை மாட்டியிருந்தேன். பனி விழ ஆரம்பித்ததும் ஜ்வாலை சுருங்கிச் சுருங்கி அணைந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி ஊதினேன், குழாயை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. குற்றம் மெஷினில் இல்லை. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் திரவமாகவே உட்கார்ந்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். புரோப்பேனுக்குரிய ரெகுலேட்டரும் குழாயும் போட்டு, சிலிண்டரைக் கொட்டகைக்கு வெளியே வைத்த பிறகு தொல்லை இல்லை.

பச்சைக் கொட்டையைப் பார்த்தால் காப்பி என்றே சொல்லமாட்டீர்கள். சாம்பல் பூத்த பச்சை நிறம், கூழாங்கல் போல் கெட்டி, காய்ந்த புல் வாசனை. உருளையை 190 டிகிரிக்குச் சூடேற்றிக் கால் கிலோ கொட்டுவேன். உடனே முள் 90 வரை இறங்கும். முதல் தடவை பயந்துபோய் கேஸை முழுக்கத் திறந்துவிட்டேன். கொட்டையின் மேலெல்லாம் கருப்புப் பொட்டு. முள் இறங்குவது கொட்டையின் குளிர்ச்சியால்தான், ஒன்றரை நிமிடத்தில் தானே திரும்பிவிடும்.

அஞ்சாவது நிமிடத்தில் மஞ்சளாகி வைக்கோல் வாசம் அடிக்கும். அப்புறம் பழுப்பேறும், மெல்லிய தோல் உரிந்து பறக்கும். முள் 200ஐ நெருங்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி முட்டி, கொட்டை வெடிக்கும். நெல் பொரிகிற மாதிரி சத்தம். நீங்கள் போனில் கேட்டது அதையில்லை, அதற்கு வேறு காரணம், கடைசியில் வருகிறேன். விட்டுவிட்டால் 225க்குப் பக்கத்தில் இரண்டாவது வெடிப்பு. இது மெலிசு, சருகை மிதித்தது போல. அதற்குள் புகை கூடி, எண்ணெய் பூத்துவிடும். எனக்கு அந்தக் கசப்பு பிடிக்காது. முதல் வெடிப்பு தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் இறக்கிவிடுவேன்.

முள்ளை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அதைக் கொஞ்சம் தள்ளிச் செருகினாலே கணக்கு மாறிவிடும். லேத்தில் டூல் மழுங்கியதைத் திரும்பிப் பார்க்காமலே சத்தத்தில் சொல்வீர்களே, அதே பாடம்தான். சின்ன வயதில் பட்டறையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அது எப்படித் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நீங்கள் "கேளு" என்பீர்கள், அதற்கு மேல் விளக்கமாட்டீர்கள். இப்போது நானும் ஒருவரோடும் பேசாமல் பன்னிரண்டு நிமிடம் நிற்கிறேன்.

வெடிப்பு நெருங்கும்போது கேஸைக் கொஞ்சம் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் கொட்டையின் சூடு தலைதெறிக்க ஏறும். ரொம்பக் குறைத்தாலும் கெட்டது, வறுபடாமல் வெந்துபோகும். அப்படி ஒருமுறை செய்ததைக் குடித்தபோது அட்டையை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு வாரம் பிடிவாதமாக அதையே குடித்தேன்.

இறக்கினதும் அடியில் விசிறி வைத்த சல்லடையில் கொட்டி நாலு நிமிடத்துக்குள் ஆற்றிவிடவேண்டும், இல்லையென்றால் உள்சூட்டிலேயே மேலும் வறுபடும். 250 கிராம் போட்டால் 213 கிராம் வரும். அளவில் மட்டும் ஒன்றரை மடங்கு உப்பியிருக்கும். அன்றைக்கே அரைக்கக்கூடாது. கரியமில வாயு வெளியேற மூன்று நாலு நாள் விடவேண்டும். ஒருமுறை சூடு ஆறியதும் ஜாடியில் இறுக்கி மூடி வைத்தேன், இரவு மூடி 'டப்'பென்று தெறித்தது.

உரிந்த தோலை வீட்டுக்கார அம்மா தோட்டத்து உரக்குழிக்கு வாங்கிக்கொள்கிறார். அதை மெஷினின் தட்டில் சேரவிடக்கூடாது என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. போன மாதம் அது பற்றிக்கொண்டது. கேஸை அடைத்து, மெஷினின் கதவைத் திறக்காமல், உருளையை ஓடவிட்டுக்கொண்டே நின்றேன்; காற்று கிடைக்காமல் தானே அணைந்தது. தீயணைப்பானும் பக்கத்தில்தான் இருந்தது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டவேண்டாம்.

இப்போது அந்தக் கடகட சத்தம். மோட்டார் பக்கத்து பேரிங்கிலிருந்து வருகிறது. சூடேறினால் மட்டும் கேட்கிறது, ஆறினால் நின்றுவிடுகிறது. கடையில் வாங்கிய சாதாரண கிரீஸ் உருகி வடிந்து, கொட்டையிலேயே நாற்றம் ஏறிவிட்டது. கிராஃபைட் தூள் போட்டால் நிற்குமா, இல்லை பேரிங்கையே மாற்றவேண்டுமா? தண்டு 12 மில்லிமீட்டர். கையால் ஆட்டினால் மேலும் கீழும் லேசாக ஆடுகிறது. ஆட்டத்தைக் கணக்குப் பண்ணிச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஓட்டிக்கொண்டே கூப்பிடுகிறேன், போனைப் பேரிங் பக்கத்தில் பிடிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்