செயலாளர் ஆண்டறிக்கை 2024: மோட்டர் வேலையும் நிலுவைச் சந்தாவும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வழமையான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் சிரமதானம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களை இலவசமாகத் திருத்திக் கொடுத்தோம். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்கு நூறு வயதானதால் அதன் மேலால் ஒரு சைக்கிள் ஊர்வலம் போனோம். நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தால் அடுத்த மாதக் கூட்டம் நடக்கவில்லை.

அப்புறம் மோட்டர் வேலை, அதாவது அங்கத்தவர்களின் சைக்கிள்களுக்கு மின்சார மோட்டர் பூட்டும் வேலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "சங்கக் காசெல்லாம் மோட்டருக்குப் போகிறது" என்று கூட்டத்துக்கே வராத சிலர் வெளியில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். மோட்டர், பற்றரி, கொன்ட்ரோலர் எல்லாம் அந்தந்த சைக்கிள்காரர் தன் காசில் வாங்கியவை. சங்கம் செலவழித்தது வேலைக் கருவிகளுக்கும் இரும்புத் தகட்டுக்கும் வெல்டிங் கூலிக்கும் மட்டும்தான், அந்தக் கருவிகள் இப்போதும் சங்க அலுமாரியில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம்.

2022இல் பெட்ரோல் வரிசையில் நின்ற பிறகுதான் நம்மில் பலர் சைக்கிளைத் திரும்ப வெளியே எடுத்தோம். ஆனால் அறுபது தாண்டியவர்களுக்கும் சுமை ஏற்றுகிறவர்களுக்கும் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மிதிப்பது லேசான காரியம் இல்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து மண்முனைப் பாலத்தால் பால் கொண்டுவரும் அண்ணன் ஒருவர் நம் அங்கத்தவர். விடிய வரும்போது அவருக்குப் பிரச்சினை இல்லை, திரும்பிப் போகும்போது காற்று நேரே முகத்தில் அடிக்கும். நம் ஊர் தட்டையான நிலம், சக்கரத்தின் நடுவில் பூட்டும் 36 வோல்ட் 250 வாட் சக்கர மோட்டரே அவருக்குப் போதும். மோட்டரும் கடையில் கிடைக்கிறது. சைக்கிளில் பூட்டப் போனால்தான் சிக்கல் தொடங்குகிறது.

பின் சக்கர மோட்டர் பெரும்பாலும், சக்கரம் உட்காரும் பின் போர்க்கின் இரு கால்களுக்கும் இடையே 135 மில்லிமீற்றர் இடைவெளிக்குச் செய்தது. மௌண்டன் சைக்கிளில் அது நேராகப் போய் உட்காரும். நாம் ஓடும் ஒற்றைக் கியர் சைக்கிள்களின் பின் போர்க் இடைவெளி 120க்கும் குறைவு. இரும்பு பிரேம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும். முன் கழுத்திலிருந்து பின்னுக்கு நூல் பிடித்து, சீற் குழாயிலிருந்து இரு பக்கத் தூரமும் ஒன்றா என்று பார்க்காமல் பூட்டினால் சக்கரம் கோணலாக ஓடும், செயின் கழரும். அலுமினிய பிரேமை விரிக்கவே கூடாது, வெடித்துவிடும். அப்படிக் கொண்டுவந்த இரண்டு தம்பிமாரைத் திருப்பி அனுப்பினேன். அவர்களுக்கு என்மேல் கோபம், ஆனாலும் அது சரியான முடிவு என்றே இன்றும் சொல்கிறேன்.

அடுத்தது அச்சு. சக்கர மோட்டரில் அச்சு அசையாமல் நிற்க வேண்டும், வெளிக்கூடுதான் சுழலும். சுழற்றும் விசை முழுவதும் அச்சின் தட்டையான இரு முகங்கள் வழியாக பிரேமில் இறங்குகிறது, அந்தச் சின்ன இடத்தில் அது சில நூறு கிலோ பாரத்துக்குச் சமம். அச்சின் தட்டை அகலம் 10 மில்லிமீற்றர். முன் போர்க்கில் அச்சு உட்காரும் வெட்டு 9 அல்லது அதற்கும் குறைவு, ஆகவே அரம் போட வேண்டும். நட்டை மட்டும் நம்பி விட்டால் ஒரு நாள் அச்சு வெட்டை விரித்துக்கொண்டு சுழலும், வயர் முறுக்கி அறும், முன் சக்கரமென்றால் ஆள் விழுவார். அதனால்தான் டோர்க் ஆர்ம் இல்லாமல் ஒரு சைக்கிளையும் வெளியே விடுவதில்லை என்று பிடிவாதமாக நின்றேன். 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் அச்சுக்கு இறுக்கமான வெட்டுப் போட்டு, மறு நுனியை பிரேம் குழாயோடு கிளிப் போட்டுப் பிடிப்பதுதான் அது. காத்தான்குடி வெல்டிங் கடை நானா ஒவ்வொரு பிரேமுக்கும் தனித்தனியாக வெட்டித் தந்தார், ஒரு பிரேமுக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தவே இல்லை.

பழைய 28 அங்குல பார் சைக்கிள்தான் மிகவும் பாடுபடுத்தியது. அதன் பின் ரிம்முக்குக் கம்பி போடும் துளை 40, முன்னுக்கு 32, மோட்டருக்கோ 36. துளைக் கணக்கு இரண்டு பக்கத்திலும் பொருந்தாததால் 36 துளை ரிம் தேடி எடுத்தோம். மோட்டரின் வயிறு பெரிதென்பதால் கம்பிகள் குட்டையாக வேண்டும், வழமைபோல் ஒரு கம்பி மற்ற மூன்று கம்பிகளைக் குறுக்கே தாண்டும்படி பின்னினால் கம்பி சரிந்து, ரிம்மில் அதை இறுக்கும் நிப்பிள் அருகே முறியும், ஒரு குறுக்கே போதும். அது முடிந்தால் பிறேக். பழைய கம்பி பிறேக் ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது, புது ரிம்மில் அது வேலை செய்யாது, பக்கவாட்டில் பிடிக்கும் பிறேக்குக்குத் தனித் தாங்கி ஒட்ட வேண்டியிருந்தது. வேகம் கூடிய சைக்கிளுக்கு நல்ல பிறேக் இல்லாமல் கொடுப்பது பாவம்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சுவிட்சைப் போடாதீர்கள். பற்றரியைக் கழற்றி வெளியில் தள்ளி வையுங்கள், மோட்டரைத் திறந்து காயவிட்டு பெயாரிங் பார்க்க வேண்டும். இனிப் பூட்டும்போது வயரை அச்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டே மேலே கொண்டுபோகிறோம், மழைநீர் வழிந்து உள்ளே போகாது.

இனி மனதில் உள்ளதைச் சொல்கிறேன். சனிக்கிழமை வேலைக்கு எப்போதும் வருவது அதே நாலைந்து பேர். சைக்கிளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "முடிந்ததும் சொல்லுங்கள் அண்ணன்" என்று போகிறவர்கள்தான் அதிகம். மோட்டர் பூட்டிய பிறகு அவர்களில் பலரைக் கூட்டத்தில் காணக் கிடைப்பதில்லை. சந்தா இரண்டு வருடமாகக் கட்டாதவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தங்கச்சி வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. மண்டபம் தந்தவர்களுக்கும், கூட்டங்களுக்குத் தேநீர் தந்த அங்கத்தவர் குடும்பங்களுக்கும், வெல்டிங் கடை நானாவுக்கும் நன்றி.

அடுத்த வருடம் செயலாளர் பதவிக்கு யாராவது முன்வந்தால் அலுமாரிச் சாவியை இன்றே கொடுக்கத் தயார், பூட்டும் வேலையை அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் தயார். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் குட்டையாக்கும் சக்கரக் கம்பிக்கு மரை போடும் கருவி ஒன்று இல்லாமல் இனிச் சமாளிக்க முடியாது, அதற்கு நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். பொருளாளர் இன்று கூட்டம் முடியும் வரை பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலில் இருப்பார். மோட்டர் வாங்க நினைப்பவர்கள் காசு கொடுக்கும் முன் பின் போர்க் இடைவெளி, அச்சு உட்காரும் வெட்டின் அகலம், ரிம் துளை எண்ணிக்கை மூன்றையும் அளந்து எழுதி, வரும் சனிக்கிழமை என்னிடம் கொண்டுவாருங்கள்.

செயலாளர்