ஹார்ட்லிபூல் என்றால் குரங்குக் கதை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஹார்ட்லிபூல் துறைமுக நகரத்துக்குக் கிடைத்த ஒரே பக்கத்தில் பெரும்பகுதியைக் குரங்குக் கதையே பிடித்துக்கொண்டது. நெப்போலியன் காலத்தில் கரையொதுங்கிய குரங்கொன்றைப் பிரெஞ்சு ஒற்றன் என்று நினைத்து மீனவர்கள் தூக்கிலிட்டார்களாம். அப்படி நடந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மேடைப் பாட்டு வழியாகப் பரவிய கதை அது. கட்டுரையாளர் அதை நடந்த சம்பவமாகவே எழுதி, ஊரின் அடையாளமே அதுதான் என்றும் சொல்லிவிட்டார். பக்கத்து ஊரான ஸ்டாக்டனில் நெடுங்காலமாக வாழ்கிறவன் நான். இதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஹார்ட்லிபூல் என்ற பெயருக்குள் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. கடலுக்குள் நீண்டு நிற்கும் ஹெட்லேண்ட் பகுதிதான் பழைய ஊர். 7ஆம் நூற்றாண்டிலேயே அங்கே மடாலயம் இருந்தது, புனித ஹில்டா அதற்குத் தலைவியாக இருந்தார். வரலாற்றாசிரியர் பீட் அந்த இடத்தை 'மான் தீவு' என்று பொருள்படும் பெயரால் குறிப்பிடுகிறார். ஊரின் பழைய முத்திரையிலும் மான்தான் இருக்கிறது. இடைக்கால மதிலின் ஒரு பகுதி இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது, அதில் மீன்பிடிக் கரைக்குத் திறக்கும் வாசலும் உண்டு.

மேற்கு ஹார்ட்லிபூல் வேறு கதை. ரால்ஃப் வார்ட் ஜாக்சன் என்பவரின் முயற்சியால் 1840களில் நிலக்கரி ஏற்றுமதிக்காக எழுந்த புது ஊர் அது. கப்பல்துறை, ரயில், கப்பல் கட்டும் தளங்கள் என்று வளர்ந்து, சில பத்தாண்டுகளிலேயே மூத்த ஊரை மிஞ்சிவிட்டது. இரண்டுக்கும் தனித்தனி நகரசபை, தீராத போட்டி. 1914 டிசம்பர் 16 காலையில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் குண்டு வீசியபோது மட்டும் இரண்டு ஊரும் சேர்ந்தே அடி வாங்கின. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

1967இல் இரண்டையும் ஒரே நகரசபையாக இணைத்தார்கள். அப்போது பெரிய ஊர்தான் 'மேற்கு' என்ற சொல்லைத் துறந்து சின்ன ஊரின் பெயருக்குள் வந்தது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஆள்பலமும் பணபலமும் உள்ள பக்கம் தன் பெயரை விடுவது எங்கே எளிதில் நடக்கிறது? உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரிலும் இந்த வரலாறு பதிந்திருக்கிறது. 1908இல் தொடங்கும்போது இரண்டு ஊருக்கும் பொதுவாக 'ஹார்ட்லிபூல்ஸ் யுனைடெட்' என்று பன்மையில் பெயர் வைத்தார்கள். இணைப்புக்குப் பிறகு, 1968இல், அந்தப் பன்மை போனது. ரக்பி கழகம் ஒன்று இன்றுவரை 'மேற்கு' என்ற சொல்லை விடவில்லை.

குரங்கை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து ஊரார் வசையாகச் சொன்னதை ஹார்ட்லிபூல்காரர்களே தங்கள் பெருமையாக்கிக்கொண்டார்கள். உதைபந்தாட்டக் கழகத்துக்காகக் குரங்கு வேடம் போட்ட இளைஞர் ஸ்டூவர்ட் டிரம்மண்ட் 2002இல் மேயர் தேர்தலில் நின்றார், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் தருவதாகச் சொல்லி வென்றார். 2005இலும் 2009இலும் மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். கட்டுரை இவரை முதல் வெற்றியோடு வேடிக்கையாக விட்டுவிட்டது. மூன்று முறை ஓட்டுப் போட்ட மக்கள் வேடிக்கைக்காகப் போடவில்லை.

எனக்கு மனம் மிகவும் நொந்தது கட்டுரையோடு வந்த படத்தைப் பார்த்துத்தான். அதன் கீழே 'துறைமுகத்தில் ஒரு பழைய பாய்மரக் கப்பல்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கப்பலின் பெயர் திருகோணமலை! ஆங்கிலேயர் வாயில் 'டிரிங்கோமலி' ஆன அதே பெயர். நான் இலங்கையின் திருகோணமலையில் பிறந்தவன். மலபார் தேக்கில் பம்பாயில் வாடியா குடும்பத்தினர் கட்டி, 1817இல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது. 1860களில் மேற்கு ஹார்ட்லிபூலிலேயே பயிற்சிக் கப்பலாக நின்றது. பின்னர் விற்கப்பட்டு 'ஃபூட்ராயன்ட்' என்ற வேறு பெயரோடு பல காலம் தெற்கே கிடந்தது. 1987இல் பழுதான உடலோடு ஹார்ட்லிபூலுக்குத் திரும்பி வந்தது. அந்த ஊரில் கப்பல் கட்டும் தொழில் முடிந்து அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனாலும் அங்கேதான் அதைப் பலகை பலகையாகச் சீர்செய்து 2001இல் முடித்தார்கள். நடுவில், 1992இல், பழைய பெயரையும் மீட்டுக்கொடுத்தார்கள். இன்றும் தண்ணீரில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. முகப்பில் தலைப்பாகை கட்டிய ஆணின் சிற்பம் உண்டு. உள்ளே பீரங்கித் தளத்தில் விட்டங்கள் தாழ்வாக இருப்பதால் உயரமானவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும்.

தமிழ் இதழ் ஒன்று இந்தப் பெயரைச் சொல்லாமல் விடலாமா? அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, கப்பலின் பெயரைத் திருகோணமலை என்றே அச்சிடுங்கள். குரங்குக் கதைக்கு ஆதாரம் இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
திருகோணமலை வாசகர் ஒருவர்,
ஸ்டாக்டன்-ஆன்-டீஸ், இங்கிலாந்து