1959-ஐத் தாண்டிப் போகாதீர்கள்: பேக்-12 தலைமைக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பான பேக்-12-இன் ஆணையருக்கும் உறுப்பினர் பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம். கூட்டமைப்பைப் புதிதாகக் கட்டுகிறீர்கள். கூடவே பழைய பெருமையையும் சொல்கிறீர்கள்: 1915-இல் தொடங்கிய பாரம்பரியம், 500-க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்கள். சரி, எல்லாம் உண்மை. பயிற்சியாளர் ஜான் வுடன் காலத்தில் மட்டும் யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கூடைப்பந்தில் 10 பட்டங்கள் வாங்கியது. ஆனால் நீங்கள் 1959-ஐப் பற்றி நின்று பேசி நான் கேட்டதில்லை.

1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் கூடி உங்கள் முன்னோடியான பசிபிக் கோஸ்ட் கூட்டமைப்பைத் தொடங்கியவை நான்கு கல்லூரிகள்: பெர்க்லியின் கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரேகன், இன்று ஒரேகன் ஸ்டேட் என்று அழைக்கப்படும் வேளாண் கல்லூரி. வாஷிங்டன் ஸ்டேட் 1917-இல் வந்தது, ஸ்டான்ஃபோர்ட் அடுத்த ஆண்டில். 1922-இல் யு.எஸ்.சி.யும் (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஐடஹோவும் சேர்ந்தன. யு.சி.எல்.ஏ. வந்தது 1928-இல்தான்.

1956-இல் குட்டு வெளிப்பட்டது. பெரிய கல்லூரிகளின் ஆதரவாளர் சங்கங்கள் வீரர்களுக்குத் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்து வந்திருந்தன. வாஷிங்டன், யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., கலிஃபோர்னியா நான்கும் தண்டனை வாங்கின. சண்டை முற்றி 1959-இல் கூட்டமைப்பே கலைந்தது. கலைந்த கையோடு அதே நான்கும் ஒரு புதுச் சங்கம் தொடங்கின; அதுதான் பின்னாளில் பேக்-12 ஆனது. ஸ்டான்ஃபோர்டுக்கு உடனே இடம் கிடைத்தது. ஒரேகன், ஒரேகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ வெளியே நின்றன. தப்பு செய்து தண்டனை வாங்கியவர்கள் உள்ளே, மற்றவர்கள் வாசலில்! 1962-இல் வாஷிங்டன் ஸ்டேட்டையும் 1964-இல் இரண்டு ஒரேகன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐடஹோவை யாரும் கூப்பிடவே இல்லை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மனிலிருந்து ஐடஹோ பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான்.

அப்புறம் வந்தது உங்களுக்கே நன்றாகத் தெரியும். 2022 ஜூன் 30 அன்று யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென் என்ற வேறொரு கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. மறு ஆண்டு ஜூலையில் கொலராடோ கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் போயின. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லான்டிக் கரையின் பெயர் தாங்கிய கூட்டமைப்பில் சேர்ந்தன. வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. எஞ்சியது ஒரேகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். 1959-இல் வாசலில் நின்ற நான்கில் இரண்டு! இந்த முறை அவை நீதிமன்றம் போய், கூட்டமைப்பை நடத்தும் உரிமையையும் அதன் சொத்தையும் காத்துக்கொண்டன. அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உறுத்துகிறது. 2024 செப்டம்பரில் மவுன்டன் வெஸ்ட் என்ற அண்டைக் கூட்டமைப்பிலிருந்து பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஐந்தையும் இழுத்தீர்கள். உறுப்பினர்களை இழுத்தால் கட்டுவதாக நீங்களே கையெழுத்திட்ட சுமார் 5.5 கோடி டாலர் செல்லாது என்று வழக்கும் போட்டீர்கள். அங்கே மிஞ்சிய வயோமிங், நெவாடா, நியூ மெக்சிகோ, சான் ஹோசே ஸ்டேட் பார்த்துக்கொண்டு நின்றன. மவுன்டன் வெஸ்டும் யோக்கியமில்லை, 1999-இல் எட்டுக் கல்லூரிகள் பழைய வெஸ்டர்ன் கூட்டமைப்பிலிருந்து பிரிந்து வந்து உருவாக்கியதுதான் அது. ஆனால் அடிபட்டவர்கள் நீங்கள். இரண்டே கல்லூரிகளை வைத்துக் காலம் தள்ள முடியாது என்பது புரிகிறது. போட்ட கையெழுத்தை மறுக்க அது காரணமாகாது.

உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். 1915-ஐ உங்கள் தொடக்கம் என்று உரிமை கொண்டாடினால், 37 ஆண்டுகள் கூட இருந்த ஐடஹோவுக்கும், 1950-இல் விலகிய மொன்டானாவுக்கும் அந்த வரலாற்றில் முழு அத்தியாயம் கொடுங்கள். 1956-இன் ரகசியப் பணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டாவது, கூட்டமைப்பின் சொந்தத் தொலைக்காட்சியான பேக்-12 நெட்வொர்க் 2012 முதல் பதிவு செய்த ஆட்டங்கள். பெண்கள் கைப்பந்து, நீர்ப்போலோ, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று வேறு தொலைக்காட்சிகள் அதிகம் கண்டுகொள்ளாத விளையாட்டுகள் அவற்றில் ஏராளம். ஆடிய கல்லூரிகள் இன்று எந்தக் கூட்டமைப்பில் இருந்தாலும் சரி, அவற்றைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேற்குக் கரை ஆட்டங்களின் ரசிகன்