ஏழாம் படியில் தண்ணீர்

காரைக்குடி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. ஊருணி வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். போன வருடம் நான் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை, அதுதான் உண்மை.

அந்த ஊருணி இருப்பது தேவகோட்டைக்குக் கிழக்கே உள்ளடங்கின ஒரு ஊரில். அறுபது வீடு இருக்கும். காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஒன்று. நம் பக்கம் வானம் பார்த்த பூமிதானே. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிறதைப் பயிருக்குக் கண்மாயிலும் குடிக்க ஊருணியிலும் தேக்கித்தான் நம் ஆட்கள் பிழைத்தார்கள். செருப்புக் காலோடு கரை ஏறினால் உங்கள் ஐயா போடுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காவிரிக் குழாய் வந்ததும் ஊருணியைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அந்த ஊரில் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் உண்டு. போர் போட்டால் உப்பு. 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு வந்தபோது வெட்டின சீமைக்கருவேலம், தூரோடு பிடுங்காததால் மறுபடி தழைத்து ஊருணியையே மூடிவிட்டது.

போன வருடம் நாங்கள் ஆறு பேர் போனோம். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கைக்காசு போட்டு ஆடி மாதம் பொக்லைன் பிடித்து, முள்ளைத் தூரோடு எடுத்து, வண்டலை அள்ளினோம். நான்காம் நாள் மத்தியானம் கரையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவர் எழுந்து வந்து, "தம்பி, களிமண் தெரிஞ்சிருச்சு, நிப்பாட்டுங்க" என்றார். வண்டி வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டடி தோண்டினால் அவ்வளவும் தண்ணீர்தானே என்று நான்தான் சொன்னேன். தோண்டினோம்.

ஐப்பசியில் நல்ல மழை. ஊருணி நிறைந்த அன்றைக்கு ஊரே கரையில் நின்றது, ஒருவர் என் கையில் சர்க்கரையைக் கொட்டி வாயில் போடச் சொன்னார். பத்தே நாள். தண்ணீர் கீழே கீழே இறங்கிப் போய் அடியில் செம்மண் சரளைதான் தெரிந்தது. களிமண் படுகைதான் ஊருணிக்கு அடித்தட்டு. அதைக் கிழித்துவிட்டால் கீழே இருப்பது சரளை, குடத்தில் ஓட்டை போட்ட மாதிரி. யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்பத்தா மோர் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. எங்களில் இரண்டு பேர் அதோடு நின்றுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்தக் கோடையில் மறுபடி போனேன். இந்த முறை அப்பத்தா சொன்னபடி. அனுமதி வாங்கிக் கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து, ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஊர்க்காரர்களே காலால் மிதித்தார்கள். பிறகு திமிசுக்கட்டையால் இடித்தார்கள். அப்பத்தா வந்து கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார். பள்ளம் விழுந்தால், "இன்னும் வேகல" என்பார். மறுபடி இடி. பதினேழு நாள் இப்படி.

அப்புறம் ஒன்று. கீழத்தெருப் பெண்கள்தான் அதிகம் மிதித்தார்கள். ஆனால் முன்னெல்லாம் அவர்கள் படித்துறையில் இறங்கக் கூடாது, மேலே இருந்து யாராவது ஊற்ற வேண்டும். எல்லோரும் ஒரே படியில் இறங்கித் தண்ணீர் மொள்ளுவதென்றால் வேலை செய்வோம் என்று கூட்டத்தில் நான் சொன்னேன். பெரியவர் ஒருவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இப்போது கீழத்தெருப் பெண்கள் வருகிறார்கள், ஆனால் விடிவதற்கு முன்னால் வந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இதை அப்படியே விடப் போவதில்லை.

செம்பராங்கல் படி மொத்தம் பதினொன்று. இன்று காலை போய்ப் பார்த்தேன். மழை நின்று பதினெட்டு நாளாகியும் மேலிருந்து ஏழாம் படியில் தண்ணீர் நிற்கிறது. போன வருடம் இதே கணக்கில் பதினொன்றும் காய்ந்து கிடந்தது. ஆறாம் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் படாமல் வைத்துக்கொண்டேன், பழைய பழக்கம் விடவில்லை.

தையில் நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் சேர்த்து வா. ஊருணி இருக்கிற ஊரில் ராத்திரி தங்கி, விடியற்காலையில் படித்துறைக்குப் போவோம். அந்தப் பெண்கள் வருகிற நேரத்துக்கு நாம் இருவரும் அங்கே இருக்க வேண்டும். வரும்போது உன் சித்தப்பாவிடம் பழைய திமிசுக்கட்டை கிடக்கிறதா என்று கேட்டுக் கொண்டு வா, எங்களுடையது பிளந்துவிட்டது.

அன்புடன்,
உன் நண்பன்