மின்சார லொறி விற்கும் கம்பனியாருக்கு வாழைச்சேனையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

போன கிழமை பதுளைக்கு மீன் ஏற்றிப்போன உங்கள் மின்சார லொறி லுணுகலை ஏற்றத்தில் இழுக்க முடியாமல் தவித்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே போன் எடுத்துச் சொன்னோம். "பாரம் கூட ஏத்தினீங்களா?" என்றுதான் உங்கள் ஆட்கள் முதலில் கேட்டார்கள். இல்லை ஐயா, நீங்கள் குறித்துத் தந்த நிறைக்குள்ளேதான் ஏற்றினோம்.

மோட்டாரைக் குறை சொல்லவில்லை. வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இழுவையாக்கும் என்பது உண்மைதான். நல்ல டீசல் எஞ்சினே 40ஐத் தாண்டப் படாதபாடு படும். 2022இல் டீசல் வரிசையில் காய்ந்த எங்களுக்கு அதைவிட வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. ஆனால் நாங்கள் கேட்பது லொறியின் கணக்கு. முழுப் பாரத்தோடு, குளிர்பெட்டியும் ஓட, கிலோமீற்றருக்கு எத்தனை யூனிட்?

பதுளை ஏறக்குறைய 680 மீற்றர் உயரம். லொறியும் மீனுமாக 5 தொன் என்றால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் வேண்டும். வீதியில் உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் குளிர்பெட்டிக்கும் புறம்பாக வேண்டும். இறங்கும்போது பிரேக்கில் மின்சாரம் திரும்பி வருமாம். ஒரு பங்குதான் வரும், அதுவும் பற்றரியில் இடமிருந்தால். மேலே முழுக்கச் சார்ஜ் போட்டு இறங்கினால் பிரேக் லைனர்தான் தேயும்.

அன்றைக்கு ஏற்றத்தில், வலு குறைகிறது என்று காட்டும் ஆமைப்படம் திரையில் விழுந்தது. வண்டி நடைவேகத்துக்கு வந்துவிட்டது. குளிர்பெட்டியை நிறுத்தினால் லொறி ஏறும், ஓடவிட்டால் மீன் தப்பும். சாரதித் தம்பி நிறுத்தினார், வேறென்ன செய்வார்? பதுளையில் கதவைத் திறந்தபோது ஐஸ் தண்ணீராகி ஒழுகியது, சூரையின் செவுளெல்லாம் கறுத்துவிட்டது. கால் விலைக்கும் ஆளில்லை.

உங்கள் துண்டுப்பிரசுரத்தில் லொறி வெறும் பெட்டியோடு சமவெளியில் ஓடுகிறது. நாங்களும் காற்றை ஏற்றி விற்கத் தொடங்கினால் நீங்கள் போட்ட தூரம் அப்படியே வரும்! பரிசோதிக்கக் கொழும்புக்குக் கொண்டுவரட்டாம். ஏற்றம் ஏறாத லொறி நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். கிழக்கில் விற்க ஆளிருக்கிறது, திருத்தத்தான் ஆளில்லை. இது உங்களோடு தொடங்கிய கதையுமல்ல, எந்த மிசின் வாங்கினாலும் எங்களுக்கு இதே பாடுதான். சரி, அதை விடுவோம்.

பணிவாகவே கேட்கிறோம். பாரம் ஏற்றிய கணக்கை எழுத்தில் தாருங்கள். கையில் இல்லையென்றால், உங்கள் பொறியியலாளர் ஒருவர் செங்கலடியிலிருந்து பதுளை வரை எங்கள் சாரதிக்குப் பக்கத்திலிருந்து ஒருதரம் அளந்து பார்க்கட்டும். குளிர்பெட்டி ஓடவேண்டும். மீன் எங்கள் செலவு.

இப்படிக்கு,
வாழைச்சேனை மீன் வியாபாரிகள் சிலர்